துப்பாக்கி பிடித்த கையில் கேமரா



1906ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவில் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகையின் இதழ் ஒன்று வெளிவந்தது. பிரித்தால் எழுத்தைவிடப் படம்தான் அதிகம். 74 புகைப்படங்கள், எல்லாம் ஒரே ஆள் எடுத்தவை. நடுராத்திரியில் ஏரியில் இறங்கி நிற்கும் மான், குட்டிகளோடு வந்த பெண் மான், கரையில் உட்கார்ந்து உற்றுப் பார்க்கும் லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனை. அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்கள் காட்டு விலங்கைப் பார்த்ததெல்லாம் ஓவியமாகவோ, பாடம் செய்து சுவரில் மாட்டிய தலையாகவோ, கூண்டுக்குள்ளோதான். இருட்டுக் காட்டுக்குள், உயிரோடு, தன் பாட்டுக்கு இருக்கிற மிருகம் படத்தில் வந்தது அவர்களுக்குப் புதுசு. ஆசிரியர் கில்பர்ட் குரோவ்னர் துணிந்து அத்தனை படங்களையும் போட்டுவிட்டார். பத்திரிகையை நடத்திய சங்கத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேர், புவியியல் பத்திரிகையைப் படப் புத்தகம் ஆக்கிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்துவிட்டார்கள்.

இப்போது நேஷனல் ஜியாக்ரபிக் என்றாலே படம்தான். அந்த இருவரை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

படம் எடுத்தவர் பெயர் ஜார்ஜ் ஷைரஸ். தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை. பென்சில்வேனியாவில் வக்கீல். அவருடைய அப்பா அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. இவரும் இரண்டு வருஷம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். வசதியான குடும்பம். புகைப்படம் அவருக்குப் பொழுதுபோக்கு. அதற்கு முன்னால் அவர் வேட்டைக்காரர். அதுவும் சின்னப் பையனாக இருந்தபோதே துப்பாக்கி பிடித்தவர்.

அந்த வேட்டை எப்படி நடந்தது என்று கேட்டால்தான் இந்தப் படங்களின் கதை புரியும்.

அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் என்று ஒரு பெரிய ஏரி. அதன் தென்கரையில் மிச்சிகன் மாநிலத்து மார்க்வெட் என்ற ஊர். அதற்குக் கிழக்கே காட்டுக்குள் ஒயிட்ஃபிஷ் என்று ஒரு சின்ன ஏரி. ஷைரஸ் 1870 வாக்கில், பதினொரு பன்னிரண்டு வயதில் முதன்முதலாக அந்தப் பக்கம் போனார். அங்கே ஒஜிப்வே என்ற பழங்குடி மக்கள் கோடைக்கால இரவுகளில் மான் வேட்டையாடுவார்கள். தோணியின் முனையில் ஓர் இரும்புச் சட்டி. அதில் பிசின் ஏறிய பைன் கட்டைகளைப் போட்டுக் கொளுத்துவார்கள். பின்னால் ஒருவர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, சத்தம் வராமல் தள்ளிக்கொண்டு போவார். நீர்ச்செடி மேய வந்த மான் தலையைத் தூக்கி வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கும். இருட்டில் இரண்டு கண் மட்டும் மினுங்கும். கண்ணுக்குக் கொஞ்சம் கீழே குறி வைத்தால் போதும்.

நம் ஊர்ப் பக்கம் நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு ராத்திரியில் முயல் பிடிக்கப் போனவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதே சங்கதிதான். அங்கேயும் பிற்பாடு இதைத் தடை செய்தார்கள், நம் நாட்டிலும் இது சட்டப்படி குற்றம். ஆனால் அந்த முறைக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று பாருங்கள். மான் எந்த மாதத்தில் தண்ணீருக்கு வரும், எந்தச் செடியைத் தின்னும், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் மோப்பம் பிடிக்கும், தோணி எவ்வளவு நெருங்கினால் மிரளும். சமையலறை அடுப்பில் கறி ஏறவேண்டும் என்பதற்காக மனிதன் பல நூறு ஆண்டு கற்றுச் சேர்த்த கல்வி அது.

ஷைரஸ் 1889இல் கேமராவோடு அந்தக் காட்டுக்குள் போனார். முதலில் பகல் படங்கள். அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது: ராத்திரியில் துப்பாக்கியை நீட்டும் இடத்தில் கேமராவை நீட்டினால் என்ன? தோணி அதேதான், ஏரி அதேதான். விறகுச் சட்டிக்குப் பதில் மண்ணெண்ணெய் விளக்கு. மானை நிறுத்துவதற்கு அந்த வெளிச்சம் போதும். படம் எடுக்கப் போதாது. அதற்கு மக்னீசியம் பொடி வேண்டும். ஆரம்பத்தில், எரிகிற சாராய விளக்கின் சுடருக்குள் பொடியை ரப்பர்க் குமிழால் ஊதுவார்கள். சரியாக ஊதினால் ஒரு கணம் பகல். தப்பாக ஊதினால் புருவம் கருகும். பிற்பாடு அவரும் உதவியாளர் ஜான் ஹாமரும் சேர்ந்து இதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள். அதற்குப் பிடியும் விசையும் கைத்துப்பாக்கி மாதிரியே இருந்தன. வேட்டைக்காரர் கைக்கு அதுதானே பழக்கம்.

ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு படம். கண்ணாடித் தகட்டை மாற்றி, பொடியை மறுபடி நிரப்புவதற்குள் மான் மலை தாண்டிப் போயிருக்கும். படம் விழுந்ததா இல்லையா என்று அப்போது தெரியாது. தகட்டை இருட்டறையில் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். இன்றைக்கு ஒரு நொடியில் இருபது படம் எடுத்து, பத்தொன்பதை அழிக்கிற நமக்கு இந்த அவஸ்தை கற்பனைக்குக் கூட எட்டாது.

மனிதன் இருந்தால் வராத விலங்குகளும் உண்டு. அதற்கு ஷைரஸ் இன்னொரு வேட்டைத் தந்திரத்தைக் கையில் எடுத்தார். பொறி. காட்டில் இரையை வைத்து, அதை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கேமராவின் விசையில் கட்டிவிடுவது. ரக்கூன் வந்து இரையை இழுக்கும், தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும். பீவர் என்று ஒரு கொறிக்கும் பிராணி, ஓடையின் குறுக்கே குச்சிகளை அடுக்கி அணை கட்டும். அந்த அணையில் கொஞ்சம் பிரித்துவிட்டு, ஒரு குச்சியில் கயிற்றைக் கட்டி வைத்தார். உடைப்பை அடைக்க வந்த பீவர் குச்சியை இழுத்தது, வெளிச்சம் பாய்ந்தது, படம் விழுந்தது. அதன் தொழிலை வைத்தே அதைப் பிடித்திருக்கிறார். இந்த வேலை விலங்கைப் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்குத் தோன்றாது.

இவருடைய இரவுப் படங்களுக்கு 1900இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த மரியாதையெல்லாம் சரி. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று.

கொல்கிறவனுக்கு விலங்கின் மேல் என்ன பிரியம் இருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். வேட்டைக்காரன் ஒரு நாள் அடிபட்ட மானின் கண்ணைப் பார்த்தான், மனம் உருகினான், துப்பாக்கியைத் தூக்கி எறிந்தான் என்று. சினிமாவுக்கு நல்ல காட்சி. ஷைரஸின் வாழ்க்கையில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. துப்பாக்கியும் கேமராவும் சில காலம் ஒரே தோணியில் போயிருக்கின்றன. அந்தப் பிரியம் துப்பாக்கி பிடித்தபோதே இருந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். வேட்டுவர் மகள் வள்ளியை முருகனுக்குக் கட்டிவைத்து, வேடர் கண்ணப்பரை நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிற நமக்கு இது அவ்வளவு விளங்காத விஷயமாக இருக்க வேண்டியதில்லை.

கேமரா அந்தப் பிரியத்துக்கு அவகாசம் கொடுத்தது. சுட்டுவிட்டால் அந்த மானைப் பற்றி மேற்கொண்டு தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. படம் எடுத்தால் நாளைக்கு ராத்திரியும் அதே மான் வரும். குட்டியோடு வரும் பெண் மானையும் எடுக்கலாம். வேட்டைப் பருவம் முடிந்துவிட்டதே என்ற கவலை இல்லை. அப்படித் திரும்பத் திரும்பப் போனதில் அவர் பார்த்தவை ஏராளம். பின்னாளில் வயோமிங் பக்கம் யெல்லோஸ்டோன் காட்டுக்குப் போய், அங்கே பிரம்மாண்டமான மூஸ் மான்கள் நிறைய இருப்பதை எழுதிக் காட்டினார். அந்த மூஸ் வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரில் இன்றைக்கும் ஷைரஸ் இருக்கிறார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இருட்டில் மேய்ந்துகொண்டிருக்கிற மானின் முகத்தில் மக்னீசியத்தைக் கொளுத்தினால் அது என்ன பாடுபடும்? ஷைரஸ் இரண்டாவது கேமரா ஒன்றையும் வைத்து, முதல் வெளிச்சத்தில் மிரண்டு மான்கள் துள்ளுவதை இரண்டாவது வெளிச்சத்தில் எடுத்தார். அழகான படம், மான்களுக்கு அல்ல. இரை வைப்பதையும் கண்ணில் வெளிச்சம் அடிப்பதையும் இன்றைய புகைப்படக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சஃபாரி ஜீப்புகள் ஒரு புலியைச் சுற்றி வளைத்து நின்று, ஆள் ஆளுக்குக் கேமராவைத் தூக்குவதைப் பார்க்கும்போது, அந்தப் பழைய வேட்டைக்காரர் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அவர் ஒரு ராத்திரிக்கு ஒரு தோணியில்தான் போனார்.

வேட்டைக்காரர் என்பதாலேயே அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. அவர் காலத்தில் மிச்சிகன் காடுகளில் கோடிக்கணக்கில் இருந்த பயணப் புறா என்ற பறவை கண்ணெதிரே இல்லாமல் போயிற்று. சுட்டும் வலை போட்டும் ரயிலில் ஏற்றி விற்றுத் தீர்த்தார்கள். அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. வலசை போகிற பறவைக்கு மாநில எல்லை தெரியாது. ஒரு மாநிலம் காப்பாற்றினால் அடுத்த மாநிலம் சுடும். வக்கீலான ஷைரஸுக்கு இது புரிந்தது. 1904இல், வலசைப் பறவைகளை மத்திய அரசின் பாதுகாப்பில் கொண்டுவர வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். அன்றைக்கு அது நிறைவேறவில்லை. அதே கருத்து 1913இல் சட்டமாகி, கனடாவோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகு 1918இல் இன்னும் பலமான சட்டமாக வந்தது. அது இன்றும் நடப்பில் இருக்கிறது.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். ஷைரஸின் கயிற்று வித்தையை இங்கே புலி மேல் செய்து காட்டியவர் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி. இமயமலை அடிவாரத்தில், அன்றைய ஐக்கிய மாகாணத்துக் காடுகளில் வேலை. இவருக்கு விளையாட்டுக்காகச் சுடுவது பிடிக்காது. ஆனாலும் புலி எந்தத் தடத்தில் நடக்கும் என்பதைப் படிக்காமல் இவர் வேலை நடக்காது. தடத்தின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி. புலி காலை வைத்தால் வெளிச்சம் வெடித்துப் படம் விழும். வருஷக்கணக்கில் முயன்று பார்த்து, கடைசியில் அவர் எடுத்த புலிப் படங்கள் 1925 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றின் முதல் பக்கத்தில் வந்தன. படங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இல்லை என்பதையும் அவர் கண்டுகொண்டார்.

அந்தப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் ஒருவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்று நாம் கேள்விப்பட்ட அதே கார்பெட்தான். 1928இல் ஒரு நண்பர் அவருக்கு 16 மில்லிமீட்டர் சினிமா கேமரா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். புலியைப் படம் எடுக்கலாம், ஆனால் அந்தக் கேமரா ஓடும் சத்தம் கேட்டால் புலி நிற்காது. கார்பெட் என்ன செய்தார் தெரியுமா? காட்டுக்குள் ஓர் ஓடையைத் தேர்ந்தெடுத்து, தண்ணீரைச் சின்னச் சின்ன அணை கட்டி விழ வைத்தார். தண்ணீர் விழுகிற சலசலப்பில் கேமராவின் சத்தம் அமுங்கிவிட்டது. வேட்டையில் காதைத் தீட்டி வைத்திருந்தவருக்குத்தான் இந்த யோசனை வரும். நல்ல படம் ஒன்று எல்லோருக்கும் சந்தோஷம், பாடம் செய்த தலை அதைச் சுட்டவனுக்கு மட்டும்தான் சந்தோஷம் என்கிற பொருளில் எழுதியும் வைத்தார். அதற்கு அப்புறமும் 1938 வரை ஆட்கொல்லிகளை அவர் சுட்டார் என்பதையும் மறக்க வேண்டாம். அவரும் சினிமாக் காட்சி மாதிரி துப்பாக்கியை எறியவில்லை.

சாம்பியனின் கம்பி இன்று அகச்சிவப்புக் கதிர் உணர்வியாக மாறியிருக்கிறது. உல்லாஸ் கரந்த் என்ற ஆராய்ச்சியாளர் 1990களில் கர்நாடகத்து நாகரஹொளே காட்டில், இந்தத் தானியங்கிக் கேமராக்களையும் புலியின் வரிகளையும் கொண்டு புலிகளைக் கணக்கிடும் முறையை நிறுவினார். முன்பெல்லாம் காலடித் தடத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள். இப்போது தடத்தின் இரண்டு பக்கமும் எதிர் எதிராக இரண்டு கேமரா கட்டுகிறார்கள். ஒரே புலிக்கு இடப்பக்க வரி ஒரு விதம், வலப்பக்க வரி வேறு விதம் என்பதால் இரண்டும் வேண்டும். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம் காடுகளிலும் இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள்.

2018இல் நடந்த அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். சுமார் மூன்றரைக் கோடிப் படங்கள் விழுந்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651. மற்றவற்றில் சிறுத்தை, மான், குரங்கு, காட்டுப்பன்றி, காற்றில் ஆடிய புல், கேமராவைச் சரிபார்க்கப் போன வனக்காவலர்கள்.