மின்னஞ்சல் வந்து சேராதபோது



குடிவரவு வழக்கறிஞரின் கடிதமும் ஊரிலுள்ள உறவுகளின் செய்தியும் மின்னஞ்சலாகவே வருகின்றன. மேசைக்கணினியில் தண்டர்பேர்ட் செயலியைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தும் வீடுகளில், அஞ்சல் வருவது ஒருநாள் திடீரென நின்றுவிடுகின்றது. கடவுச்சொல் சரியாக இருந்தும் செயலி அதனையே திரும்பத் திரும்பக் கேட்கின்றது.

முதலில் இணைய உலாவி வழியே அதே கணக்கினுள் நுழைந்து பார்த்தல் வேண்டும். புதிய கடிதங்கள் அங்கே இருப்பின், பழுது செயலியின் அமைப்பிலேயே உள்ளது. அங்கும் இல்லையெனில், அஞ்சற்பெட்டி நிரம்பியிருக்கக்கூடும்.

வெறும் கடவுச்சொல்லுடன் செயலிகள் நுழையும் பழைய முறையைக் கூகிள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதலும், மைக்ரோசொஃப்ட் தனது ஹொட்மெயில், அவுட்லுக் கணக்குகளுக்கு 2024 செப்டெம்பர் 16 முதலும் நிறுத்தின. கணக்கு அமைப்பில் உறுதிப்படுத்தும் முறையை 'ஓஆத்2' என மாற்றினால் அனுமதி கோரும் சாளரம் திறக்கும். அனுப்பும் வழங்கிக்கும் இம்மாற்றத்தைத் தனியே செய்தல் வேண்டும். பெறுவதும் அனுப்புவதும் வெவ்வேறு வழிகள்.

பிள்ளைகள் அவசரத்தில் செய்வது வேறொன்று: பழைய கணக்கையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது! 'பொப்3' முறையில் அஞ்சல் பெற்ற கணினியில் இது பேராபத்து. அம்முறையில், இறக்கிய கடிதம் வழங்கியிலிருந்து அழிக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின், தந்தையார் சேர்த்துவைத்த அகதி வழக்குக் கடிதங்கள் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கும். நீக்கும்போது செய்திகளையும் அழிக்கும் பெட்டியில் தவறுதலாகக் குறியிட்டால் அவையும் போய்விடும். எனவே செயலியை மூடி, அதன் 'புரொஃபைல்' கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டில் பிரதியெடுத்த பின்னரே அமைப்பில் கைவைத்தல் வேண்டும்.