வெள்ளணுக்கள் வழியறியும் விதம்
(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குருதிப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையே நாம் முதலில் தேடுகிறோம். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 4,000 முதல் 11,000 வரை இருப்பின் நிம்மதி அடைகிறோம். ஆனால் அவ்வெண், குழாயினுள் ஓடிக்கொண்டிருக்கும் அணுக்களின் கணக்கேயாகும். தெருவில் எத்தனை காவலர் திரிகின்றனர் என்பது வேறு. களவு நடக்கும் வீட்டினுள் எத்தனை பேர் புகுந்தனர் என்பது வேறு. அவ்விரண்டிற்கும் இடையே நிகழ்வது யாது என்பதைச் சொல்ல விழைகிறோம்.

1882-ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த மெச்னிகாஃப் என்னும் உருசிய அறிஞர், கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜாச் செடியின் முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் நகரும் அணுக்கள் அம்முள்ளை மொய்த்திருக்கக் கண்டார். 1908-இல் அவருக்கும் எர்லிக் என்பாருக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. முள் தைத்த இடத்தை அணுக்களுக்கு அறிவித்தது எது? மனித உடலில் அவ்வாறு அழைப்பு விடுக்கும் பொருள்களுள் ஒன்றாகிய இன்டர்லூக்கின்-8 என்னும் புரதம் 1987-இல்தான் பிரித்தறியப்பட்டது.

ஒரு குழந்தையின் காலில் முள் தைத்ததாகக் கொள்வோம். முள்ளோடு கிருமிகளும் புகுகின்றன. அவ்விடத்துத் திசுவில் குடியிருக்கும் அணுக்கள் அதனை உணர்ந்து வேதிப்பொருள்களைப் பரப்புகின்றன. உடனே அருகிலுள்ள நுண்குழாயின் உட்சுவரில் செலக்டின் என்னும் புரதங்கள் தோன்றுகின்றன. விரைந்தோடும் வெள்ளணு அவற்றில் சிக்கியும் விடுபட்டும் உருண்டு, வேகம் குறைகிறது. அப்போது சுவரில் ஒட்டியுள்ள இன்டர்லூக்கின்-8, பூட்டில் திறவுகோல் பொருந்துவதுபோல் வெள்ளணுவின் மேலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பியின் உட்புறத்தே காத்திருக்கும் ஜி-புரதம் பிரிந்து செய்தியை உள்ளே சேர்ப்பிக்கிறது. அதன் பயனாக, மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகின்றன. உருண்ட அணு நின்றுவிடுகிறது. பிறகு நெளிந்து சுவரைக் கடக்கிறது.

கண்ணில்லாத அணு அப்பால் வழியறிவது எவ்வாறு? தன் உடலின் எப்பக்கத்து ஏற்பிகளில் அழைப்புப் பொருள் மிகுதியாகப் பொருந்துகிறதோ, அப்பக்கத்தையே அது முன்பக்கமாகக் கொள்கிறது. அங்கு ஆக்டின் இழைகள் வளர்ந்து அணுவை முன்னே தள்ளுகின்றன. கிருமிகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பதும் உண்டு. பாக்டீரியாக்கள் தம் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனின் என்னும் பொருளைக்கொண்டு தொடங்குகின்றன. அதன் துணுக்குகளை அறியும் ஏற்பியும் வெள்ளணுவிடம் உண்டு. நம் அணுக்களினுள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவும் அதே வழக்கம் உடையது. ஆதலால் கிருமியே இல்லாமல் நசுங்கிய தசையும் வெள்ளணுவை அழைத்துவிடுகிறது!

இனி, எண்ணிக்கைக்கு வருவோம். பிரட்னிசோலோன் போன்ற மருந்துகளை உண்பவர்க்கு வெள்ளணுக்களின் எண் உயர்வதுண்டு. சுவரோரம் ஒதுங்கியிருந்தவை பிடிவிட்டு ஓட்டத்தில் கலப்பதும், குழாயைவிட்டு வெளியேறுவது குறைவதும் அதற்குரிய காரணங்களுட் சில. மருந்தின் பெயரை மருத்துவரிடம் சொல்லாமல் தாளை மட்டும் நீட்டுவது நன்றன்று.

மிக அரிதாகச் சில குழந்தைகள் இன்டெக்ரினின் ஒரு பகுதி குறைவுபட்டே பிறக்கின்றன. அழைப்பு வருகிறது, செய்தியும் உள்ளே சேர்கிறது, பற்றத்தான் இயலவில்லை. குருதியில் வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். புண்ணிலோ சீழ் கட்டாது. சீழில்லாப் புண்ணைக் கண்டு பெற்றோர் ஆறுதல் கொள்ளக்கூடும். அதுவே கேடாக முடியும். கொப்பூழ்க்கொடி விழவும் நாளாகும். ஊரிலுள்ள பாட்டிமார் கொடி விழும் நாளை எண்ணியிருப்பர். அவர்கள் உடனில்லாத நம் காலனி இல்லங்களில் தாய்மார்தாம் எண்ண வேண்டும். கொடி சற்றுத் தாமதித்து விழுவது மட்டுமே நோயன்று. மூன்று வாரங்களுக்கு மேலாகியும் விழாமல், கொப்பூழ் சிவந்து புண்ணாகி, வெள்ளணுக்களும் மிகுந்திருப்பின், இக்குறை உண்டா என்று மருத்துவரைக் கேட்கத் தயங்கற்க. கடுமையான குறையுடைய குழந்தைகளுக்குப் பொருத்தமான மற்றொருவரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்துகின்றனர். அது வேரூன்றினால், அதிலிருந்து தோன்றும் வெள்ளணுக்கள் சுவரைப் பற்றும் ஆற்றலோடே பிறக்கின்றன.