பிரசவ வேளையில் வீணான நாழிகை

(கிராமக் கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிர்வாக சபையைச் சேர்ந்த ஒருவர் செய்த பிரசங்கம்)



கடனும் விதையும் உரமும் பேசும் இச்சபையில் பிரசவத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பயிருக்குக் காலத்தே நீர் பாய்ச்ச அறிந்த நாம், பிள்ளை பெறும் பெண்ணுக்குக் காலத்தே உதவி செய்ய அறிந்தோமில்லை. என் வீட்டிலேயே அக்குற்றம் நேர்ந்தது. அதனை மறைக்காமல் சொல்லுகிறேன்.

என் மருமகளுக்கு அது இரண்டாம் பிரசவம். ஐந்தாம் மாதத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் அவள் இரத்தத்தைச் சோதித்து, ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய இடத்தில் 8 கிராமே இருப்பதாகக் கூறி, இரும்புச் சத்து மாத்திரைகள் தந்தார். சோகையுள்ள இவள், இரத்தம் ஏற்றும் வசதியுள்ள தாலுகா ஆஸ்பத்திரியிலேயே பிரசவிக்க வேண்டுமென்றும் எச்சரித்தார். மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்றாள் என் மனைவி. நானும் வாளாவிருந்தேன். மாத்திரைகள் மாடக்குழியிலேயே கிடந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வலி கண்டது. ‘இராகு காலம் கழியட்டும்’ என்று சொன்னவன் நானே. ஒன்றரை மணி நேரம் வீணாயிற்று. புறப்பட்டபோது வலி முற்றிவிட்டபடியால், வழியிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குழந்தை பிறந்தது. குழந்தை அழுதது, நஞ்சும் விழுந்தது, ஆனால் உதிரம் நிற்கவில்லை. அங்கிருந்த செவிலியர் கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஆக்ஸிடாசின் மருந்தைச் செலுத்தி, அடிவயிற்றைப் பிசைந்துகொண்டே 108 வண்டியை வருவித்தார், உடனும் வந்தார். தாலுகா ஆஸ்பத்திரியில் மூன்று பை இரத்தம் ஏற்றிய பின்னரே அவள் கண் திறந்தாள். அதுவரை என் பேரனை நான் ஏறிட்டுப் பார்க்கவும் துணியவில்லை.

பிரசவத்தில் சிறிது உதிரம் போதல் இயற்கையே. அது 500 மில்லி லிட்டரை எட்டினால் அபாயம். நல்ல இரத்தமுள்ளவள் தாங்கும் இழப்பைச் சோகையுள்ளவள் தாங்கமாட்டாள். மாடக்குழியில் கிடந்த மாத்திரையின் விலையை அன்று அறிந்தேன்.

இது இன்று நேற்றுத் தோன்றிய பிழையன்று. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனைப்பட்ட தம் மனைவியருக்கு உதவி வேண்டி, ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க இளம் பெண்ணிடம் வந்தனர். அவர் அப்போது வைத்தியம் கற்றவரல்லர். அவர் தந்தையாரோ வைத்தியர். ஆயினும் ஆடவர் பார்க்கலாகாதென்று மூவரும் மறுத்துச் சென்றனர். மறுநாள் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அத்துயரமே அம்மையாரை வைத்தியம் கற்கச் செய்தது. 1900-இல் வைத்தியராகத் திரும்பி, 1902-இல் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரியையும், 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் அவர் நிறுவினார். அன்று வைத்தியர் இருந்தும் வழக்கம் வழிமறித்தது. இன்று மருந்தும் வண்டியும் இருந்தும் என் வீட்டில் அதுவே வழிமறித்தது.

ஆகவே நம் சங்கம் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டுகிறேன். முதலாவது, கர்ப்பிணியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் மாத்திரை உட்கொள்ளப்படுகிறதா என்று நம் அங்கத்தினப் பெண்கள் விசாரித்து வரவேண்டும். இரண்டாவது, எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, உடன் செல்வோர் யார் என்பவற்றை எட்டாம் மாதத்திலேயே குடும்பத்தார் முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது, இரத்தம் கொடுக்க இசைந்தவர்களின் பெயரும் இரத்த வகையும் எழுதிய ஜாபிதா ஒன்று சங்கக் கட்டடத்தில் இருக்கவேண்டும். அதில் முதற் பெயராக என் மகன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

வலி கண்ட பின் யோசிப்பதற்கு நேரமில்லை. ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று கடன் பெறும் நாம், ஓர் உயிருக்கும் ஜாமீன் நிற்கலாகாதா?