வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்பிரிங் பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம்தான், ஈக்வேஷனா எழுதித் தள்ளாதே" என்று எச்சரித்துத்தான் செயலாளர் அண்ணன் மைக்கைக் கொடுத்திருக்கிறார். ஆகவே ஒரே ஒரு சூத்திரம். முதலாண்டில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த அரை கே எக்ஸ் ஸ்கொயர். ராபர்ட் ஹூக் 1678-இல் அச்சிட்ட விதியிலிருந்து பிறந்தது. அது பரீட்சைத் தாளோடு முடிந்துவிடவில்லை, வீட்டு ஷெட்டில் நம் கைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் சித்தி மகன், இன்ஜினியரிங் இரண்டாமாண்டு. வீட்டில் ஒரு பழைய ஸ்விஃப்ட். ஒருநாள் போன் செய்தான். "அண்ணா, லோயரிங் ஸ்பிரிங் வாங்கிட்டேன். 30 மில்லி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தா ரெண்டு பேருமா மாட்டிடலாம். கம்ப்ரஸர் டூல் வேணாம், கயிறு போட்டுக் கட்டிக்கலாம்" என்றான். கயிறு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சின்ன கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். நடுவில் டாம்பர், அதைச் சுற்றி ஸ்பிரிங், மேலே ஒரே ஒரு நட்டு. அந்த நட்டுதான் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மி.மீ. அமுங்கினால் விசை 3,000 நியூட்டன், அதாவது 300 கிலோ எடை. அதற்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் 225 ஜூல். 23 கிலோ இரும்புக் கட்டியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் கயிறு அறுந்தாலும் ஆகும். பக்கத்தில் நம் முகம் வேறு இருக்கும்!

இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். பையன் பேசவில்லை. நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினோம்.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமதளத்தில் காரை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்த பிறகே கீழ் போல்ட்டுகள், கடைசியாக மேல் நட்டுகள். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் கம்ப்ரஸர்களை எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் ரெண்டு சுற்று, அந்தப் பக்கம் ரெண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கையை விட்டுத் தளர்ந்து ஆடுகிறது என்று உறுதியான பிறகே நடு நட்டைத் தொடலாம். அதுவரை அது தெய்வம் மாதிரி, கை வைக்கக் கூடாது.

பின்பக்கம் டார்ஷன் பீம். ஸ்பிரிங் தனி, டாம்பர் தனி. பீமை ஜாக்கியில் தாங்கி, டாம்பரின் கீழ் போல்ட்டை எடுத்து மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், கார் சக்கரத்தில் நின்று எடை ஏறிய பிறகே முழு டார்க்கில் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி. தாழ்த்தலாமா? முன்பு பம்ப் ஸ்டாப்பைத் தொட 80 மி.மீ. இடம் இருந்தது என்றால் இப்போது 50 மி.மீ.தான். அதே குழியின் அடியை அந்தக் குறைந்த தூரத்திலேயே தாங்க, ஸ்பிரிங் விறைப்பு சுமார் இரண்டரை மடங்கு வேண்டும். அவ்வளவு விறைத்தால் அது கார் இல்லை, மாட்டு வண்டி! ஆகவே விற்கிறவர்கள் கொஞ்சம்தான் கூட்டுவார்கள். மீதி அடியை பம்ப் ஸ்டாப்பும் நம் முதுகெலும்பும் வாங்கிக்கொள்ளும். பழைய டாம்பரும் புதிய ஸ்பிரிங்கை அடக்கத் திணறும். இதில், இருக்கிற ஸ்பிரிங்கையே கட் பண்ணுவது, கேஸ் வைத்துச் சூடுபடுத்தி உட்கார வைப்பது என்று சில ஷெட்டுகளில் நடப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். வெட்டிய முனை இருக்கையில் உட்காராது.

சாலையையும் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். நம் தெருவில் இருப்பது? ஊர்க்காரர்கள் கூடி ஒரே ராத்திரியில் கட்டிய குட்டிச்சுவர்!

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. "ஆர்.சி.யில் ஸ்பிரிங் உயரம் எங்கே இருக்கு?" என்று வாதாடலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு வாதாடுவதைவிட, முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

தம்பி என்ன செய்தான் என்று கேட்பீர்கள். மூன்று வாரம் ஓட்டினான். முழங்கால் வலிக்காரரான சித்தப்பா ஒவ்வொரு வேகத்தடையிலும் "முருகா" என்பாராம். நான்காவது ஞாயிறு அவனே பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிவிட்டான். நான் கூடமாட நின்றதோடு சரி. கம்ப்ரஸரை அவன் மாறி மாறி இறுக்கிய பக்குவத்தைப் பார்த்தபோது, நாலு செமஸ்டரில் வராத பாடம் அவனுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது.

அதனால் பிள்ளைகள் ஸ்பேனர் எடுத்தால் திட்டாதீர்கள். சரியான டூலை வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். நம் ஒர்க்‌ஷாப் ஆசிரியர்கள் நமக்குச் செய்ததும் அதுதானே!