தொட்டி மீனுக்கு வரும் தோல் பூச்சிகள்

இன்றைக்கு நெல்லைப் பற்றியோ பருத்தியைப் பற்றியோ நான் பேச வரவில்லை. கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கிற மீன்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ‘அது பட்டணத்துக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு சார்?’ என்று கேட்கிறவர்களும் இருப்பீர்கள். நம் கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு பக்கத்தில் கொல்லையில் நாலு சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் தங்கமீனும் வளர்க்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2020-ஆம் ஆண்டில் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தில் இந்த வீட்டுக் கொல்லை வளர்ப்புக்கும் மானியம் வைத்தார்கள். பொதுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 40, பெண்களுக்கு நூற்றுக்கு 60. அதனால் மகளிர் குழுவைச் சேர்ந்த அம்மாமார்கள் சிலர் துணிந்து இறங்கினார்கள்.

அப்படி இறங்கிய ஒரு அம்மாவின் கதையைச் சொல்லித்தான் விஷயத்துக்குப் போக வேண்டும். ஏனென்றால் அதில் தப்பு என்னுடையது.

ஒரு மார்கழி மாதம். காலை வேளையில் அந்த அம்மா வந்து, ‘சார், மீன் மேலே ரவை தூவின மாதிரி இருக்குது, வந்து பாருங்க’ என்றார். போய்ப் பார்த்தேன். தங்கமீன்களின் வாலிலும் உடம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மீன்கள் தொட்டிச் சுவரிலும் அடியில் கிடந்த கல்லிலும் உடம்பை உரசிக்கொண்டிருந்தன. வெண்புள்ளி நோய் என்று கண்டுகொண்டேன். அதில் தப்பில்லை. ஒரு நாள் மருந்து போடச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போனால் ஒரு புள்ளியைக் காணோம். ‘குணமாயிட்டுதும்மா’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த வாளியைக் காட்டினார். தொட்டியில் இருந்ததில் பாதிக்கு மேல் அதில் மிதந்தது. குழுவில் வாங்கிய கடன் பணம் அது.

என்ன நடந்தது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த வெண்புள்ளியை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. 1876-இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பொருள் தெரிந்தால் பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி. ‘பல பிள்ளை பெற்ற மீன் பேன்’ என்று அர்த்தம். இது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து கூடு கட்டிக்கொண்டு உட்காருகிறது. அந்தக் கூடுதான் நாம் பார்க்கிற வெள்ளைப் புள்ளி. தோலுக்கு அடியில் இருக்கிற வரைக்கும் நீங்கள் தண்ணீரில் எந்த மருந்தைக் கொட்டினாலும் அதற்கு உறைக்காது. தின்று கொழுத்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும். அடியில் போய் ஒட்டிக்கொண்டு, ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக உடைந்து, நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரைக்கும் குஞ்சுகளாகக் கிளம்பும். அந்தக் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி மீனைத் தேடுகிற நேரம் ஒன்றுதான் நம்மிடம் அகப்படுகிற நேரம். ஒன்றிரண்டு நாளில் மீன் கிடைக்காவிட்டால் அவை தாமே செத்துப்போகும்.

இப்போது புரிகிறதா? மூன்றாம் நாள் புள்ளி மறைந்தது என் மருந்தால் அல்ல. பூச்சி பிள்ளை பெறுவதற்காக அடியில் இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்து நான் குணம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே வைத்தியம் ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இந்தச் சுற்று நாலைந்து நாளில் முடியும். குளிர்ந்து கிடந்தால் ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அத்தனை நாளும் தண்ணீரில் மருந்து இருக்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் மூன்று நாலு நாள் விடாமல் இருக்க வேண்டும்.

என்ன மருந்து? நம் வீட்டுக் கல்லுப்பே போதும். லிட்டருக்கு 3 கிராம். ‘என் தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?’ என்பீர்கள். நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடிக் கணக்கில் அளந்து பெருக்குங்கள். வந்ததை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி தண்ணீர் என்றால் 27 கன அடி. அது ஏறக்குறைய 756 லிட்டர். உப்பு இரண்டே கால் கிலோ. இதை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று முக்கால் முக்கால் கிலோவாக ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். தினமும் ஒரு ரப்பர் குழாயை விட்டு அடி மண்டியை உறிஞ்சி எடுங்கள். அடியில்தானே அது பிள்ளை பெறுகிறது? எடுத்த தண்ணீர் கால் பங்கு என்றால், புதிதாக விடுகிற தண்ணீருக்கும் கால் பங்கு உப்புதான் சேர்க்க வேண்டும். உப்பு ஆவியாகிப் போகாது. முழு அளவும் மறுபடி போட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டியில் செடி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், கருகிவிடும். கெளுத்தி மாதிரி செதில் இல்லாத மீனுக்கு உப்பு ஆகாது, பாதி அளவுக்கு மேல் போக வேண்டாம். சின்னக் கண்ணாடித் தொட்டியாக இருந்து சூடேற்றும் கம்பி வைத்திருந்தால் தண்ணீரை 30 டிகிரிக்குக் கொண்டுவரலாம், பூச்சிக்கு அந்தச் சூடு பிடிக்காது. சூடான தண்ணீரில் காற்று குறையும், அதனால் காற்றுக் குழாயை நிறுத்தாதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வெள்ளைப் புள்ளி எல்லாம் நோய் இல்லை. ஆண் தங்கமீன் இனப்பெருக்கப் பருவத்துக்கு வந்தால் அதன் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையாக வெள்ளைக் குருக்கள் தோன்றும். மீன் சுறுசுறுப்பாக இருக்கும், உரசாது, வாலில் புள்ளி இருக்காது. அது மாப்பிள்ளை வேஷம். அதற்கு உப்புப் போட்டு வதைக்க வேண்டாம்.

அடுத்தது நிஜமான மீன் பேன். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டையாக, துவரம்பருப்பு அளவில், பாசி நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டு கறுப்புக் கண் தெரியும். மீனின் மேல் அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் இரண்டு உறிஞ்சுவாய், நடுவில் ஒரு ஊசி. குத்தின இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். மீன் துள்ளும், சுற்றும், தீனி எடுக்காது. கண்மாயில் வளர்கிற கட்லா, ரோகு மீன்களையும் இது விடாது.

பேனிலும் அதே சூதுதான். தாய்ப்பேன் முட்டையிட மீனை விட்டு இறங்கிவிடும். தொட்டிச் சுவர், கல், குச்சி என்று கெட்டியான இடமாகப் பார்த்து வரிசை வரிசையாக முட்டையை ஒட்டிவைக்கும். நம் வெக்கையில் இரண்டு மூன்று வாரத்தில் அது பொரிக்கும். நீங்கள் மீன் மேலே இருக்கிற பேனை மட்டும் கொன்றுவிட்டு, ‘விட்டது தொல்லை’ என்று இருந்தால், பதினைந்தாம் நாள் புதுப்படை வந்து நிற்கும்.

இதற்கு நல்ல உபாயம் ஒன்று உண்டு, செலவே இல்லை. தொட்டியில் இருக்கிற கல்லையும் மட்டையையும் எடுத்துவிட்டு, நாலு மூங்கில் குச்சியையோ பழைய பலகையையோ நட்டு வையுங்கள். பேன் அதில் போய் முட்டையிடும். வாரம் ஒரு முறை அதைப் பிடுங்கி நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள், முட்டை வெந்துபோகும். வேறு குச்சியை நடுங்கள். சிமெண்டுச் சுவரிலும் இடும் என்பதால் மீனை மாற்றிவிட்டுத் தொட்டியைக் காயப்போடுவது இன்னும் நல்லது. மீன் மேல் இருக்கிற பேனை ஈரத்துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் எடுக்கலாம். நிறைய இருந்தால் 10 லிட்டர் வாளியில் 200 கிராம் உப்புக் கரைத்து, மீனை இரண்டு மூன்று நிமிடம் விட்டு எடுங்கள். பக்கத்திலேயே நிற்க வேண்டும். மீன் ஒருக்களித்துச் சாய்ந்தால் அந்த நொடியே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். வாளியை வைத்துவிட்டுப் போன் பேசப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, நங்கூரப் புழு. மீன் உடம்பில் அரை அங்குல நூல் ஒன்று குத்திக்கொண்டு நிற்பது போல் இருக்கும், நூலின் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். அந்த இரண்டும் முட்டைப் பைகள். தலை சதைக்குள் நங்கூரம் மாதிரி மாட்டியிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் தலை உள்ளே தங்கிப் புண்ணாகிவிடும். தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக எடுங்கள். சிலர் பூஞ்சாணத்தைப் பார்த்துவிட்டு இதுதான் என்று நினைக்கிறார்கள். பூஞ்சாணம் பஞ்சு மாதிரி குபுகுபுவென்று இருக்கும், இது ஒற்றை நூல். இதன் குஞ்சும் தண்ணீரில்தான் திரியும். ஆகவே புழுவைப் பிடுங்கிய பிறகு மூன்று வாரமாவது கவனம் வேண்டும்.

தோலில் ஒட்டுகிற தட்டைப் புழு, சக்கர வடிவத்து ஒற்றைச் செல் உயிரி என்று கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. மீன் மேல் சாம்பல் பூத்த மாதிரி கொழகொழப்பு படியும், துடுப்பை மடக்கிக்கொள்ளும். இதை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மீன் உரசினாலே பூச்சி என்றும் முடிவு கட்டாதீர்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டாலும் உரசும், தீனி மிஞ்சி அழுகினாலும் உரசும். முதலில் பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு நாள் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம். பருத்திக்கு வாங்கி மிச்சமிருக்கிற பூச்சி மருந்தை ‘பேனும் பூச்சிதானே’ என்று தொட்டியில் இரண்டு சொட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேனுக்கும் மீனுக்கும் சேர்த்துத்தான் சொட்டு விடுகிறீர்கள். அது போதாதென்று அந்தத் தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டால் கண்மாய்க்குப் போகும். மாடு குடிக்கும், பிள்ளைகள் குளிக்கும். கடையில் விற்கிற பச்சை நிற மலாகைட் கிரீன் மருந்தையும் உண்கிற மீனுக்கு ஒருபோதும் போடக் கூடாது. மனிதனுக்குக் கெடுதல் என்றுதான் அதைத் தடுத்திருக்கிறார்கள். நோய்த் தொட்டித் தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். வெறும் தண்ணீர் என்றால் தாராளமாக ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரைத் தினம் ஒரே மரத்துக்கு விடாமல், பொட்டல் தரையில் பரவவிட்டு வெயிலில் காயவிடுங்கள். ஓடைக்கு மட்டும் வேண்டாம். 1988-இல் நாட்டின் வடகிழக்கில் நுழைந்த புண் நோய் சில வருஷத்தில் கேரளம் வரை வந்து, விராலையும் கெளுத்தியையும் குவியல் குவியலாகக் கொன்றது. அது பூஞ்சாண வகை நோய், இன்றைய பேச்சில் சேராது. ஆனால் மீன் நோய் தண்ணீரோடும் மீனோடும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொன்னேன்.

நம் தொட்டிக்கு நோய் எப்படி வருகிறது? பெரும்பாலும் நாமே காசு கொடுத்து வாங்கி வருகிறோம். சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பாலிதீன் பையில் வருகிற மீன், வழியில் இளைத்து, குளிர்ந்து வருகிறது. வந்ததும் அவிழ்த்துப் பழைய மீனோடு விட்டால் ஒரு பேன் போதும், அந்த அம்மாவின் வாளி நினைவிருக்கட்டும். புது மீனைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வையுங்கள். அதற்கென்று தனி வலை, தனி வாளி. வலையைத் தினமும் வெயிலில் காயப்போடுங்கள். கண்மாயிலிருந்து அள்ளி வருகிற தண்ணீர்ப்பூச்சித் தீனியிலும் பேன் குஞ்சு, நங்கூரப் புழுக் குஞ்சு வரும். மீன் இல்லாத தொட்டியில் நீங்களே அந்தத் தீனியை வளர்த்துக்கொள்வது உத்தமம்.

அந்த அம்மா தொழிலை விடவில்லை. தொட்டியை ஒரு வாரம் காயப்போட்டு, பத்துக் கப்பி ஜோடியோடு மறுபடி ஆரம்பித்தார். கடனை அடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. இப்போது என்னிடம் மீனைக் காட்ட வந்தால், ‘சார், இன்னும் எத்தனை நாள் உப்பு இருக்கணும்?’ என்றுதான் முதலில் கேட்கிறார்.

உங்களுக்குச் சந்தேகம் வந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய நோய் என்றால் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. போகும்போது செத்த மீனைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மீன் செத்ததும் அதன் மேல் இருக்கிற பூச்சிகள் இறங்கிவிடும், பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நோய் கண்ட மீன் இரண்டு மூன்றை உயிரோடு, அதே தொட்டித் தண்ணீரில், பையில் பாதிக்கு மேல் காற்று விட்டுக் கட்டி, காலை வெயில் ஏறுவதற்குள் எடுத்துப் போங்கள். தொட்டித் தண்ணீர் மட்டும் தனியாக ஒரு பாட்டிலில் வேண்டும்.