ஆங்கிலக் கூட்டு வாக்கியமும் ஊவாத் தோட்டப் பிள்ளைகளும்

"அம்மா விடியுமுன் எழுந்து, தேநீர் வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்குப் போனாள்." பதுளையிலிருந்து பசறை, நமுனுகலை, லுணுகலை என்று நீளும் தோட்டங்களில் எந்தப் பாடசாலையிலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இத்தகைய வாக்கியத்தைத் தட்டுத் தடங்கலின்றிச் சொல்லிவிடும். அதில் செயல்கள் நான்கு உண்டு, வாக்கியம் ஒன்றே. முற்றுவினை 'போனாள்' என்ற ஒன்றுதான். எழுந்து, வைத்து, விட்டு என்பன வினையெச்சங்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து வந்து, கடைசியில் நிற்கும் முற்றுவினையிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகின்றன. தமிழுக்கு இது மூச்சு விடுவதுபோல் இயல்பானது.

இதையே ஆங்கிலத்தில் எழுதும்படி அந்தப் பிள்ளையிடம் சொன்னால், "மதர் கெட்டிங் அப், மேக்கிங் டீ, லீவிங் பேபி, வென்ட்" என்று எழுதி நிற்கக் காணலாம். பிள்ளை சோம்பேறியுமன்று, அறிவிலியுமன்று. தமிழ் எச்சத்துக்கு இணையாக ஆங்கிலத்தில் ஏதேனும் இருக்கவேண்டும் என்று தேடி, 'இங்' என்னும் விகுதியைக் கண்டெடுத்திருக்கிறது. தேடியது சரி, கிடைத்ததுதான் இடத்துக்குப் பொருந்தவில்லை. ஆங்கிலம் இங்கே கேட்பது, "மதர் காட் அப், மேட் டீ, லெஃப்ட் தி பேபி அட் தி கிரெஷ், அண்ட் வென்ட் டு தி ஃபீல்ட்" என்பதாகும். எழுந்தாள், வைத்தாள், விட்டாள், போனாள் என்று நான்கும் முற்றுவினைகள். தமிழில் ஒருவர் தலைமையில் மற்றவர் பின்செல்ல, ஆங்கிலத்தில் நால்வரும் சமமாகத் தோளோடு தோள் நிற்கின்றனர். அவர்களை ஒன்றாகக் கட்டுவது 'அண்ட்' என்ற சிறு சொல்.

கூட்டு வாக்கியத்தின் இலக்கணம் இவ்வளவே: தனித்து நிற்கவல்ல இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வாக்கியங்கள், ஒன்றுக்கொன்று அடிமையாகாமல், இணைப்புச் சொல்லொன்றாற் சேர்க்கப்படுவது. தனித்து நிற்குமா என்று அறிவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இணைப்புச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு இரு பக்கத்தையும் வாசித்துப் பார்க்கவேண்டும். "தி ரெயின் ஸ்டாப்ட், அண்ட் தி விமென் வென்ட் டு ஒர்க்." மழை நின்றது என்பது முழுமையான செய்தி, பெண்கள் வேலைக்குச் சென்றனர் என்பதும் முழுமையான செய்தி. ஆகவே இது கூட்டு வாக்கியம். 'அண்ட்' இருந்த இடத்தில் 'வென்' என்ற சொல்லை வைத்தால் ஒரு பக்கம் மற்றதைச் சார்ந்துவிடும். அப்போது அது கலப்பு வாக்கியமாகிவிடும்.

மேலே கண்ட அம்மாவின் வாக்கியத்தில் எழுவாய் ஒன்றே என்பதால், அது கூட்டு வாக்கியமா, பல பயனிலை கொண்ட தனி வாக்கியமா என்பதில் ஆங்கில இலக்கண ஆசிரியர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. இந்தியப் பாடசாலைகளிற் பல தலைமுறைகள் படித்த நெஸ்ஃபீல்டின் இலக்கணம் அதைச் சுருங்கிய கூட்டு வாக்கியம் என்று கொள்ளும். இக்காலத்து நூல்கள் பல தனி வாக்கியம் என்றே கூறும். பிள்ளை நன்றாக எழுதிவிட்டால் அதற்கு எந்தப் பெயரை இட்டாலும் குற்றமில்லை. அதே நெஸ்ஃபீல்ட் கூட்டு வாக்கியங்களைச் சேர்த்தல், மாறுபடுதல், ஒன்றைத் தெரிதல், முடிவு கூறுதல் என நான்காகப் பகுத்தார். 'அண்ட்', 'பட்', 'ஆர்', 'சோ' என்ற நான்கு சொற்களை நினைவில் வைத்தால் அந்தப் பகுப்பும் நினைவில் நின்றுவிடும்.

தொல்லை தருவது 'அண்ட்' என்பதே. அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால், 'உம்' என்று உடனே விடை வரும். அரிசியும் பருப்பும், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் என்று பெயர்ச்சொற்களோடு 'உம்' இயல்பாக ஒட்டும். முற்றுவினையோடு ஒட்டாது. 'வந்தான்', 'போனான்' என்ற இரண்டையும் 'உம்' கொண்டு இணைக்க எந்தத் தமிழனாலும் இயலாது. இரு வாக்கியங்களைச் சேர்க்கவேண்டுமானால் தமிழ் வேறு வழியை நாடும்: "மழையும் பெய்தது, காற்றும் வீசியது." உம்மை எழுவாயில் ஏறி அமர்ந்துகொள்கிறது, வாக்கியங்கள் அருகருகே நிற்கின்றன. இதை அப்படியே பெயர்த்து, "ரெயின் ஆல்சோ கேம், விண்ட் ஆல்சோ கேம்" என்று பிள்ளைகள் எழுதுவதன் காரணம் இதுவே. அலுவலகத் தமிழிலும் விளம்பரத் தமிழிலும் பரவிவிட்ட 'மற்றும்' என்ற சொல், ஆங்கில 'அண்ட்' என்பதன் நிழலேயன்றித் தமிழின் தேவையிற் பிறந்ததன்று. அதை வைத்து 'அண்ட்' கற்பிப்பது நிழலைக் காட்டி உருவத்தை அறியச் செய்வது போலாகும்.

இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. கடிதம் எழுதும்போது ஆபத்தும் தருவது. தமிழ் வினைமுற்று தன் எழுவாயைத் தானே சுமந்து வருகிறது. "ஒருவன் என் மகளை அடித்தான், விழுந்துவிட்டாள்" என்றால் விழுந்தவள் மகளே என்பதில் ஐயமில்லை, 'ஆள்' என்ற விகுதி அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த ஆற்றல் இல்லை. "எ மேன் ஸ்ட்ரக் மை டாட்டர் அண்ட் ஃபெல் டவுன்" என்று எழுதினால், விழுந்தவன் அடித்தவனே என்று ஆகிவிடும். பொலிஸ் நிலையத்துக்கோ தொழிற் கந்தோருக்கோ போகும் முறைப்பாட்டில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தால், தாயின் துயரம் காகிதத்தில் தலைகீழாகிவிடும். "அண்ட் ஷி ஃபெல் டவுன்" என்று ஒரேயொரு சொல்லைச் சேர்த்தால் நியாயம் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அடித்தவனும் அடிபட்டவனும் ஆண்களாக இருப்பின் 'ஹி' என்பதும் போதாது. "மை சன் ஃபெல் டவுன்" என்று பெயரையோ உறவையோ மீண்டும் எழுதவேண்டும். இரண்டாம் வாக்கியத்தின் எழுவாய் வேறாயின் அதை வெளிப்படையாகச் சொல்லுக என்ற விதியைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கற்பிக்கவேண்டும்.

'பட்' என்பதைப் பொறுத்தவரை தமிழ்ப் பிள்ளைக்கு 'ஆனால்' கையிலேயே இருக்கிறது. ஆயினும் 'தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' என்றும் போட்டுவிடும் வழக்கம் உண்டு. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு வேண்டியதில்லை. 'தோ' வந்தால் 'பட்' போகவேண்டும். இதனினும் நயமானது, 'அண்ட்', 'பட்' இரண்டில் எதைத் தெரிந்துகொள்வது என்பதாகும். புகையிரதப் பாதை 1924இல் பதுளையை அடைந்தது. அதற்கு அப்பால் அது செல்லவில்லை. இவ்விரண்டையும் 'அண்ட்' கொண்டு இணைத்தால் வெறும் செய்தி. 'பட்' கொண்டு இணைத்தால், அப்பாலும் சென்றிருக்கவேண்டும் என்ற ஓர் ஏக்கம் உள்ளே புகுந்துவிடுகிறது. பசறையிலிருப்பவர் 'பட்' என்பார். பதுளை நகரத்தார் 'அண்ட்' என்பதோடு அமைதி கொள்ளக்கூடும். செய்தி ஒன்றே; சொல்பவரின் மனம் இணைப்புச் சொல்லிலே தெரிகிறது.

ஏவல் வினைக்குப் பின் வரும்போது இச்சொற்கள் வேறொரு வேடமும் தரிக்கும். "கம் அர்லி, ஆர் யூ வில் லூஸ் ஹாஃப் எ டேய்ஸ் பே." பெரட்டுக்கு நேரத்தோடு வா, இல்லாவிட்டால் அரைப்பேர்தான் விழும். இங்கே 'ஆர்' என்பதை 'அல்லது' என்று பெயர்த்தால், நேரத்தோடு வருவதும் அரைநாட் கூலியை இழப்பதும் தொழிலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்ட இரு வழிகள்போல் ஒலிக்கும். உண்மையில் அது எச்சரிக்கை. தமிழில் 'இல்லாவிட்டால்' என்பதே அதற்குச் சரியான சொல்.

இத்தகைய சிறு சொற்கள் ஒரு வகுப்பறைக்குள் மட்டுமே வேலை செய்பவை என்று எண்ணிவிடலாகாது. ஊவாத் தோட்டங்களின் வாழ்வையே ஓர் 'அண்ட்', ஓர் 'ஆர்' தொட்டதுண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளியாற் பிரசையாவதற்கு அச்சட்டம் இரு வழிகளை வைத்தது. ஒன்று, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அல்லது, தந்தைவழிப் பாட்டனும் தந்தைவழிப் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். வாக்கியம் முழுவதையும் எடுத்தால் அது கலப்பு வாக்கியம். எனினும் அந்த நிபந்தனைக்குள் நிற்பவை கூட்டு வாக்கியத்தின் உறுப்புகளே. 'ஆர்' இரண்டு வழிகளைப் பிரிக்கிறது. இரண்டாம் வழிக்குள் 'அண்ட்' இரண்டு தலைமுறைகளைக் கட்டுகிறது. பாட்டன் பிறந்தான், பூட்டனும் பிறந்தான் என்ற இரு வாக்கியங்கள் அங்கே ஒன்றாகச் சுருங்கிக் கிடக்கின்றன. ஒன்று மெய்ப்பிக்கப்பட்டு மற்றது மெய்ப்பிக்கப்படாவிட்டால், இரண்டுமே இல்லை என்பதாகும்.

இலங்கைக்கு வெளியே பிறந்தவருக்கு விதி இன்னும் இறுகியது. அவருக்குத் தந்தை மட்டும் போதாது. தந்தையும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்களாக இருக்கவேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கப்படி தமிழகம் சென்ற ஒரு பெண்ணுக்கு அங்கே குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கணவன் பதுளைப் பகுதியில் ஒரு லயத்திற் பிறந்தவனே. குழந்தை கைக்குழந்தையாகவே லயத்துக்குத் திரும்பி வந்து, அங்கேயே வளர்ந்து, கொழுந்தும் எடுத்திருக்கலாம். எனினும் அதற்குப் பொருந்துவது இரண்டாம் விதியே. தந்தையின் பிறப்போடு முடிந்திருக்கவேண்டிய வாக்கியம், ஓர் 'அண்ட்' காரணமாகப் பாட்டனிடமும் சென்று கதவைத் தட்டுகிறது. பாட்டனோ கங்காணியின் பின்னால் கடல் கடந்து வந்தவன். திருமண உறவிற் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிறப்பிடம் எவ்வழியிலும் கணக்கில் வரவில்லை என்பதும் நேயர்கள் கவனிக்கத்தக்கது. அதற்கென ஓர் 'ஆர்' அங்கே எழுதப்படவில்லை.

அந்தக் காகிதங்களை வாசிக்கத்தக்க கல்வி தோட்டத்தில் இருந்ததா என்றால், இல்லை என்பதே விடை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துரைமார் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கவேண்டும் என்றது. ஆங்கிலம் தோட்டக் கந்தோரிலும் துரை பங்களாவிலும் தங்கிவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1977 முதற்கொண்டே படிப்படியாக ஏற்கத் தொடங்கியது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சி மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று குறித்தது. மொழிக்கே இணைப்பு என்று பெயர் வைத்த நாட்டில், அம்மொழியின் இணைப்புச் சொற்களை அறியாதிருப்பது ஒரு வேடிக்கை. 2005இல் பதுளையில் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன.

பிரசாவுரிமைக் கதை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு வேறு திருப்பம் கொண்டது. இந்திய வம்சாவளியினர் ஒருவர் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவராக இருக்கவேண்டும்; அல்லது அவ்வாறு வசித்தவரின் வழித்தோன்றலாய் இலங்கையில் வசிப்பவராக இருக்கவேண்டும். இரண்டில் ஒன்று போதும். பாட்டனையும் பூட்டனையும் ஒரு கட்டாகக் கேட்ட 'அண்ட்' இங்கே இல்லை.

உயர்வகுப்பு ஆசிரியர்கள் இவ்விரு சட்டங்களையும் கரும்பலகையிற் பயிற்சியாக்கலாம். நிபந்தனைகளை ஒவ்வொரு தனி வாக்கியமாகப் பிரித்து எழுதவேண்டும். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஒரு வாக்கியத்தைச் சொல்ல, மறுபாதி அடுத்ததைச் சொல்ல, நடுவில் நிற்கும் ஒரு பிள்ளை மட்டும் இணைப்புச் சொல்லை உரக்கச் சொல்லவேண்டும். முதல் வாக்கியத்தின் முடிவிற் குரல் தாழ்ந்துவிடாமற் சற்றே மேலே நிற்கவேண்டும். இன்னும் வருகிறது என்பதைக் காது அப்படித்தான் அறியும். 'ஆர்' சொல்லவேண்டிய இடத்திற் பிள்ளை 'அண்ட்' என்று சொல்லிவிட்டால், அதனால் யார் யார் பிரசையாகாமற் போவர் என்று வகுப்பையே எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். அப்போது ஒரு பிள்ளை எழுந்து, தன் பூட்டனார் பெயர் தெரியும், பிறந்த ஊர் தெரியாது என்று கூறக்கூடும். அதையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லவேண்டும்: "ஐ நோ ஹிஸ் நேம், பட் ஐ டு நாட் நோ வேர் ஹி வாஸ் பார்ன்." 'பட்' என்பதன் இருபுறமும் முழு வாக்கியங்களே. ஆனால் பின்பாதிக்குள் 'வேர்' என்று தொடங்கும் சார்பு வாக்கியம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அது கலப்பு வாக்கியத்தைப் பற்றிய பேச்சுக்கு உரியது.