கைக்காசும் கணக்குக் காசும்

(பேலியகொடைச் சந்தைகளிலும் சுற்றியுள்ள களஞ்சியங்களிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை சந்தித்தபோது சங்கத்தின் சார்பில் பேசியது. ஊரில் உள்ள பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதால் இங்கே தருகிறோம்.)



சேமிப்பைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருந்தால்தானே மிச்சம் பிடிக்க என்று நம் லயங்களில் எல்லா வீட்டிலும் சொல்லும் பேச்சுத்தான். சம்பளம் போதாது என்பதில் சங்கத்துக்கு இரண்டாம் கருத்து இல்லை. சிக்கனமாக இருந்தால் சம்பள உயர்வு தேவையில்லை என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் வேறு மேடையில் இருக்கிறார்கள்.

பிறகு ஏன் சங்கம் இதைப் பேசுகிறது? நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு கடதாசி இருந்தது. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டு. வந்த வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் அந்தக் கடனில் ஏறின. கடன் கைமாறினால் ஆளும் கைமாறினார். 1921 இல் சட்டம் அதை ஒழித்தது. ஆனால் இன்றைக்கும் வாரத் தவணை கட்டும் வீட்டில், வேலைநிறுத்தம் என்று பேச்சு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது செவ்வாய்க்கிழமை வரப்போகும் கடன்காரர்தான். பெரட்டில் வாயை மூடவைப்பது துரை மட்டுமல்ல.

அந்தத் தவணைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபா வாங்கி, வாரம் 500 வீதம் 26 வாரம் கட்டுகிறோம் என்று வையுங்கள். மொத்தம் 13,000. மூவாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தாயிரம் ஆறு மாதமும் நம் கையில் இருக்கவில்லை; வாரத்துக்கு வாரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தோம். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. கையெழுத்து வைக்கும் முன் “மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கேளுங்கள். வீட்டில் அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள். கையெழுத்து வைக்கிறவர் பெரும்பாலும் அவர்தான்.

இனி உங்கள் கதை. மீன் சந்தை 2011 இல் இங்கே வந்தது. மெனிங் சந்தை 2020 நவம்பரில் புறக்கோட்டையை விட்டு வந்தது. நுவரெலியாவில் ஏற்றிய லீக்ஸையும் கரட்டையும் இரவில் இங்கே இறக்குவது அதே நுவரெலியாவிலிருந்து வந்த பிள்ளையின் தோள். நாட்டாமி வேலையில் காசு அன்றன்றே கைக்கு வரும். அதுதான் அதன் இனிப்பு, அதுதான் அதன் வினையும். மாதச் சம்பளக்காரருக்கு மாதத்தில் ஒரு நாள்தான் செலவழிக்க ஆசை வரும். நாட்காசுக்காரருக்கு முப்பது நாளும் வரும். பிளேன்டீ, ரோல்ஸ், ரீலோட், இரவில் இன்னொன்று. (அந்த இன்னொன்றைப் பற்றி உங்கள் அம்மாமார் எங்களிடம் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.)

போர்டிங்கில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து சோற்றுப் பார்சல். அதன் விலையை நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரு குக்கரும் முறைவைத்துச் சமையலும் இருந்தால் அந்தச் செலவு எவ்வளவு இறங்கும் என்று ஒரு வாரம் செய்து பாருங்கள். மீன் உங்கள் வாசலில் இருக்கிறது. சாளையும் நெத்தலியும் பெரிய மீனைவிடச் சத்தில் குறைந்தவை அல்ல. வயிற்றைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். மூட்டை தூக்குகிற உடம்பு அது.

மிஞ்சியதைச் சேர்ப்போம் என்றால் எதுவும் மிஞ்சாது. கூலி கைக்கு வந்ததும் 200 ரூபாவை எடுத்து வேறாக வையுங்கள். 24 நாள் வேலை செய்தால் 4,800. வாரத்துக்கு ஒருமுறை அதை வங்கியில் போடுங்கள். தலையணைக்கு அடியில் உள்ள காசை நண்பன் கேட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபாலகத்திலும் திறக்கலாம். அங்கே போடும் பணத்துக்கு அரசாங்கமே பொறுப்பு. சீட்டுப் பிடிப்பதை வேண்டாம் என்று சொல்லமாட்டோம், நம் பெண்கள் பலர் காதுக்குத் தோடு வாங்கியது சீட்டால்தான். ஆனால் பிடிக்கிறவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. சிறிதாகப் பிடியுங்கள், எழுதி வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சேமிப்பு ஒன்றை நீங்கள் மலையிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 20 பேர் விழுந்தால் 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதம் 2,160, தோட்டத்தின் 12 வீதம் 3,240. மாதம் 5,400 ரூபா, உங்கள் கை படாமலே சேர்கிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதத்தைத் தோட்டமே கட்ட வேண்டும். இங்கே கைக்காசு கூடுதலாகத் தெரியும். அந்த 5,400 தெரியாது.

1958 ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டுமானதல்ல, தற்காலிகத் தொழிலாளிக்கும் நாட்கூலிக்கும் உண்டு. கடையிலோ களஞ்சியத்திலோ ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறவர்கள் “எனக்கு நிதி கட்டுகிறீர்களா?” என்று கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள். தொழில் திணைக்களத்தில் முறையிட வழி உண்டு. பலரிடம் மாறி மாறி மூட்டை தூக்குகிறவருக்கு இது எளிதல்ல. அவர்களுக்கு அந்த 200 ரூபாதான் சேமலாப நிதி.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய மூன்றாவது பெயர். வயது போன காலத்தில் காசை எடுக்கப் போகும்போதுதான் அது தெரியவருகிறது. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், நான்தான் அது என்று நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக அலைகிறார். இந்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். உங்களுடையதையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டின் பிரதியையும் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். திருத்தும் விண்ணப்பத்தை அவரோடு சேர்ந்து நிரப்புவோம்.